பொதுக் கலைக்கூடத்தில் மண்கலை கற்பிப்பவர்களுக்கு: முதல் வகுப்பிலிருந்து கடைசிச் சூளை வரை

நன்றாக வனையத் தெரிந்தால் வனையச் சொல்லித்தரவும் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் நான் முதல் வகுப்புக்குப் போனேன். எட்டு வாரப் பயிற்சி. ஏழு வாரமும் எல்லோரும் ஆசை ஆசையாகச் செய்தார்கள். எட்டாவது வாரம் அலமாரியைப் பார்த்தால், பாதிப் பாத்திரங்கள் முதல் சூட்டுக்கே, அதாவது பூச்சு பூசுவதற்கு முன் சுடும் சூட்டுக்கே, போயிருக்கவில்லை. சில இன்னும் ஈரமாக இருந்தன. சூளையோ அடுத்த இரண்டு வாரம் வேறு வகுப்புகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அன்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்களில் பலர் திரும்ப வரவே இல்லை. அவர்கள் செய்த கிண்ணங்கள் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தன.

ஓவிய வகுப்பில் நேரம் ஆசிரியர் கையில் இருக்கிறது. மண் வகுப்பில் அப்படி இல்லை. மண் தன் போக்கில்தான் காயும், சூளை தன் போக்கில்தான் ஆறும். அவை இரண்டும் கேட்கும் நேரத்தை மதித்து வகுப்பை அமைப்பதுதான் கற்பிப்பவரின் முதல் வேலை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வகுப்பு முழுக்க வீணாக வேண்டியிருந்தது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். சொந்தமாக வனைந்தோ செதுக்கியோ வரைந்தோ வருகிற, இப்போது பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு கூடத்தில் கற்பிக்கத் தொடங்குகிற கலைஞர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

முதல் படி: கூடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே போய் அரை நாள் கூடத்தில் இருங்கள். என்ன மண் வாங்குகிறார்கள், எந்த வெப்பத்துக்குச் சுடுகிறார்கள், சூளையை யார் அடுக்குகிறார்கள், வாரத்துக்கு எத்தனை முறை சூடேற்றுகிறார்கள், உங்கள் வகுப்புக்கு எத்தனை அலமாரித் தட்டுகள் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் மிக முக்கியமானது மண்ணும் சூடும் பொருந்துகிறதா என்பது. சிவப்பு மண்பாண்ட மண் பொதுவாக 1000 முதல் 1150 டிகிரி செல்சியஸுக்குள் சுடப்படுவது. கல்மண் எனப்படும் ஸ்டோன்வேர் 1200-ஐத் தாண்டிப் போகும். இரண்டும் ஒரே கூடத்தில் இருந்து, யாரோ ஒருவருடைய சிவப்பு மண் கிண்ணம் தவறிப்போய் ஸ்டோன்வேர் சூளைக்குள் போனால், அது உப்பி உருகிச் சூளைத் தட்டில் குழம்பாகப் படியும். பக்கத்தில் இருந்த மற்றவர்களின் வேலையும் போகும், தட்டும் போகும். ஒருமுறை என் மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மண்ணில் செய்த சிறிய பறவை பொம்மையால் இப்படி ஆனது. அவர் மேல் தவறில்லை. மண் என்றால் எல்லாம் மண்தானே என்று அவர் நினைத்தார். நான்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் தொடக்க வகுப்புக்கு ஒரே ஒரு வகை மண், ஒரே ஒரு இறுதிச் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளி மண்ணுக்கு அனுமதி இல்லை என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் யாரும் வருத்தப்படுவதில்லை.

தண்ணீர்க் குழாயையும் பாருங்கள். களிமண் நேராக வடிகாலுக்குள் போனால் அடியில் படிந்து கல்லாக இறுகிவிடும். மண் படியும் தொட்டி இல்லாத கூடமாக இருந்தால் மூன்று வாளி வையுங்கள். முதல் வாளியில் கையின் மண்ணைக் கழுவுவது, இரண்டாவதில் அலசுவது, மூன்றாவதில் கடைசி அலசல். அப்புறம்தான் குழாய்.

இரண்டாம் படி: நாள்காட்டியைக் கடைசியிலிருந்து எழுதுங்கள்

கடைசி வகுப்பில் ஒவ்வொருவர் கையிலும் முடிந்த பாத்திரம் இருக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

எட்டாவது வாரம் எடுத்துப்போகும் நாள். இறுதிச் சூட்டுக்குச் சூளை ஏறுவதற்கு ஏறத்தாழ ஒரு பகல், ஆறுவதற்கு ஒரு நாள் அல்லது அதற்கும் மேல் ஆகும். அடுக்க ஒரு நாள். ஆகவே ஏழாவது வாரத்தில் கிளேஸ், அதாவது கண்ணாடிப் பூச்சு, பூசி முடிந்திருக்க வேண்டும். கிளேஸ் பூச முதல் சூடு முடிந்திருக்க வேண்டும், அது ஆறாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையில் நடக்கும். அந்தச் சூளைக்குப் போகும் கலங்கள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சாதாரணக் கோப்பை மெதுவாகக் காய ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டால், புதிதாக எதையும் செய்யத் தொடங்கும் கடைசி நாள் ஐந்தாவது வாரம்தான்.

எட்டு வாரப் பயிற்சியில் உண்மையில் செய்வதற்குக் கிடைப்பது ஐந்தே வாரம். இதைக் காகிதத்தில் பார்க்கும்போது எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் இதை முதல் நாளே பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் மாணவர்கள் தாங்களாகவே திட்டமிடுகிறார்கள். ஆறாவது வாரம் வெறுமையாகப் போவதில்லை. வரைதல், கிளேஸ் சோதனைத் துண்டுகள், பழைய மண்ணை மீட்பது என்று அதற்கே உரிய வேலைகள் உண்டு, அவற்றைக் கீழே சொல்கிறேன்.

எத்தனை பேர் என்று கேட்டால், சக்கரத்தில் ஒரு ஆசிரியருக்கு எட்டுப் பேர் என்பது என் கணக்கு. கையால் உருவாக்கும் வகுப்பில் பன்னிரண்டு வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் யாரோ ஒருவர் மூலையில் தனியாகத் தவித்துக்கொண்டிருப்பார், உங்களுக்கு அது தெரியக்கூட வராது.

மூன்றாம் படி: தூசியைப் பற்றி முதல் நாளே பேசுங்கள்

ஈரமான களிமண்ணால் பொதுவாகப் பெரிய ஆபத்து இல்லை. காய்ந்த களிமண்தான் ஆபத்து. களிமண்ணிலும் கிளேஸ் பொடியிலும் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலின் அடி வரை போய்த் தங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும், அதனால் கெட்ட நுரையீரலைப் பழையபடி சரிசெய்ய முடியாது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வரும் மாணவரைவிட, நாள் முழுக்க அந்தக் காற்றைச் சுவாசிக்கும் உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

அதனால் கூடத்தில் துடைப்பத்தால் கூட்டக் கூடாது. தூசி எழும்பிப் பல மணி நேரம் காற்றில் மிதக்கும். ஈரப் பஞ்சாலோ ஈரத் துணியாலோ துடைக்க வேண்டும். காய்ந்த கலத்தின் விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க ஒருவருக்கும் இடம் கொடுக்காதீர்கள். ஈரப் பஞ்சே அந்த வேலையைச் செய்யும். கிளேஸ் பொடி கலக்கும்போது நுண்தூசியைத் தடுக்கும் சுவாசக் கவசம் முகத்தோடு பொருந்தி இருக்க வேண்டும், சாதாரணத் துணி முகமூடி போதாது. பொடி கலக்கும் நேரத்தில் குழந்தைகள் கூடத்தில் இருக்கவே வேண்டாம். ஏப்ரனை உதறாமல் அப்படியே துவைக்கப் போடுங்கள்.

சூடேறும் சூளையிலிருந்து கார்பன் மோனாக்சைடும் கந்தகப் புகையும் வெளியே வரும். அதற்குத் தனிக் காற்றோட்டம் இல்லாத அறையில் வகுப்பு நேரத்தில் சூளை எரியக் கூடாது. இதை நிர்வாகத்திடம் தயங்காமல் கேளுங்கள், இது உங்கள் உடம்பு.

நான்காம் படி: முதல் வகுப்பில் சக்கரம் வேண்டாம்

எல்லோரும் சக்கரத்துக்காகத்தான் வருவார்கள், தெரியும். ஆனாலும் முதல் நாள் ஒவ்வொருவர் கையிலும் 300 கிராம் மண் உருண்டையைக் கொடுத்து, கட்டைவிரலால் நடுவில் குழித்து, விரல்களால் அழுத்தி அழுத்திச் சுவரை எழுப்பி ஒரு கிண்ணம் செய்யச் சொல்லுங்கள். பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். சுவரின் தடிமனைக் கண்ணால் அளக்க முடியாது, விரலால்தான் அளக்க முடியும். இந்த ஒரு பாடம் விரலுக்குள் போய்விட்டால், பின்னால் சக்கரத்தில் சுவர் இழுக்கும்போது பாதி வேலை முடிந்தது போல.

விளிம்பு வெடிக்கத் தொடங்கும். அப்போது நிறுத்தி, ஏன் என்று கேளுங்கள். கைச்சூட்டில் மண் காய்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். தண்ணீர் ஊற்றினால் சரியாகுமா என்று ஒருவர் ஊற்றிப் பார்ப்பார், மண் கொழகொழவென்று ஆகும். ஈர விரலால் விளிம்பை மட்டும் தடவினால் போதும் என்று அப்போது காட்டுங்கள். பதம் என்ற சொல்லுக்குப் பொருள் அந்த இடத்தில்தான் அவர்களுக்குப் புரியும்.

மண் பிசைவதையும் அன்றே கற்றுக்கொடுங்கள். உள்ளங்கையால் முன்னே தள்ளி, திருப்பி, மறுபடி தள்ளுவது. ஐம்பது முறை. தோளால் அழுத்தாமல் உடம்பின் எடையால் அழுத்த வேண்டும், அதற்கு மேசை இடுப்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். பிசைந்த கட்டியைக் கம்பியால் இரண்டாக வெட்டி உள்ளே காற்றுக்குழி இருக்கிறதா என்று காட்டுங்கள். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மென்மையான மண்ணை முன்பே பிசைந்து வைத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு சின்ன வேலை. ஒவ்வொருவரும் ஒரு மண் பட்டை செய்து, அதில் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு கீறி, பெயர் எழுதி வைக்கட்டும். எட்டாவது வாரம் இறுதிச் சூடு முடிந்து வரும்போது அந்தக் கோடு ஏறத்தாழ 8.8 சென்டிமீட்டராக இருக்கும், மண்ணைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். மண் இவ்வளவு சுருங்கும் என்று பத்து முறை சொல்வதைவிட இந்தப் பட்டை நன்றாகச் சொல்லும்.

ஐந்தாம் படி: திரியும் தகடும்

இரண்டாவது வாரம் மண்ணைத் திரியாக உருட்டி அடுக்குவதும், தகடாகத் தட்டி ஒட்டுவதும். இதில் கற்றுக்கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஒட்டு. இரண்டு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவி, அழுத்தி, சற்று நெளித்து உட்கார வைப்பது. அதைவிட முக்கியம், ஒட்டும் இரண்டு துண்டும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். காய்ந்த கோப்பையில் ஈரக் கைப்பிடியை ஒட்டினால், கைப்பிடி பின்னால் தனியாகச் சுருங்கி விரிசல் விடும். கைப்பிடி விழுந்துவிட்டது என்று வருத்தப்படுபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இதுதான். குழம்பு குறைவானதால் அல்ல.

தகட்டைக் கையில் தூக்கி வளைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருங்கள். களிமண்ணின் துகள்கள் தட்டையானவை, அழுத்தும் திசைக்கு ஏற்ப வரிசையாகப் படுத்துக்கொள்பவை. ஒருமுறை வளைந்த தகட்டை நிமிர்த்தி வைத்தாலும் காயும்போதோ சூட்டிலோ அது மறுபடி வளையப் பார்க்கும். இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்துப் புரட்டுவதுதான் வழி.

ஆறாம் படி: சக்கரம்

இங்கே நிறைய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாவது வேண்டும்.

உட்காரும் உயரத்திலிருந்து தொடங்குங்கள். தொடை, சக்கரத் தட்டின் மட்டத்துக்கு அருகில் இருந்தால் முதுகு வளையாது. முன்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். பாத்திரத்தின் பக்கவாட்டு உருவத்தைப் பார்க்க ஒவ்வொரு முறையும் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டியிருக்காது. என் கழுத்து வலி போனது இந்தக் கண்ணாடியால்தான்.

செய்து காட்டும்போது இரண்டு முறை காட்டுங்கள். முதல் முறை ஒரு வார்த்தை பேசாமல். கண்ணும் காதும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது புதியவர்கள் கண்ணை விட்டுவிடுவார்கள். இரண்டாவது முறை ஒவ்வொரு அசைவையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள். மொத்தம் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் காட்டினால் அது உங்கள் திறமைக்கான காட்சியாக மாறிவிடும், அவர்களுடைய கை ஆறிப்போகும்.

மண் 600 கிராம் அளவில், சற்று மென்மையாக இருக்கட்டும். முதலில் மண்ணை நடுவில் நிறுத்துவது. இங்கேதான் எல்லோரும் தவிக்கிறார்கள், கையால் மண்ணோடு மல்லுக்கட்டுவதால். முழங்கையைத் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றச் சொல்லுங்கள். கை அசையாமல் நின்றால் மண் தானாகவே கைக்கு வந்து அடங்கும். இதை நான் இப்படித்தான் சொல்கிறேன்: மண்ணைத் தள்ளாதீர்கள், அது வந்து மோதுகிற சுவராக இருங்கள். சக்கரம் வேகமாகச் சுழல வேண்டும். கையை எடுக்கும்போது மிக மெதுவாக எடுக்க வேண்டும். சட்டென்று எடுத்தால் நடுவில் நின்ற மண் மறுபடி ஆடும்.

நடுவில் நின்ற மண்ணைத் திறப்பது அடுத்தது. அடித்தளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இருக்கும்போது நிறுத்த வேண்டும், ஊசியால் குத்திப் பார்த்து அளக்கலாம். பிறகு அடித்தளத்தை விரலால் நடுவிலிருந்து விளிம்புக்கும் விளிம்பிலிருந்து நடுவுக்கும் அழுத்தித் தேய்க்க வேண்டும். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுவார்கள். அழுத்தாத அடியில் காயும்போது எஸ் எழுத்து போல ஒரு விரிசல் விழும். உள்ளே தேங்கிய தண்ணீரைப் பஞ்சால் எடுக்காவிட்டாலும் அதே விரிசல் வரும்.

சுவர் இழுக்கும்போது சக்கரத்தின் வேகத்தைக் குறையுங்கள். உள்விரலும் வெளிவிரலும் ஒரே உயரத்தில், ஒரே சீராக மேலே போக வேண்டும். மூன்று இழுப்பு போதும். நாலாவது, ஐந்தாவது என்று போனால் மண் தண்ணீர் குடித்துத் தளர்ந்து உட்கார்ந்துவிடும்.

அப்புறம், வெட்டுங்கள். முதல் சக்கர வகுப்பில் செய்த எல்லாவற்றையும் கம்பியால் நட்டநடுவே வெட்டிப் பாதியைத் திறந்து காட்ட வேண்டும். முதலில் உங்களுடையதை வெட்டுங்கள். சுவர் எங்கே தடிமன், அடி எவ்வளவு கனம், மூலையில் எவ்வளவு மண் மிச்சம் என்று எல்லாம் தெரியும். சிலருக்கு மனசு வராது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். பவுஹாஸ் என்ற ஜெர்மன் கலைப் பள்ளியில் பயின்று பிறகு கலிபோர்னியாவின் பாண்ட் பார்மில் கோடை வகுப்புகள் நடத்திய குயவர் மார்கரீட் வில்டன்ஹெயின், மாணவர்கள் செய்தவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகும் பொருளாகப் பார்க்காமல் பயிற்சியாகவே பார்த்தார், மண் திரும்ப மண்ணாகவே போனது. முழுநேரம் கற்க வந்தவர்களுக்கு அது பொருந்தும். நாள் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் நம்மிடம் வருகிறவருக்கு, அந்த ஒரு கோணல் கிண்ணம் வேண்டும்.

மாணவரின் மண்ணில் கேட்காமல் கை வைக்காதீர்கள். நீங்கள் தொட்டு நேராக்கிய பாத்திரம் அவருடையது அல்ல, அது அவருக்கும் தெரியும். கேட்டுவிட்டு, உங்கள் கை மேல் அவர் கையை வைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நிதானம் என்பது அந்தத் தொடுகையில் அவருக்குத் தெரிந்துவிடும்.

இடதுகைக்காரர்கள் இருப்பார்கள். சக்கரத்தின் சுழலும் திசையை மாற்றும் விசை இருந்தால் இரண்டு திசையிலும் முயலச் சொல்லுங்கள். ஜப்பானில் மரபாகச் சக்கரம் வலஞ்சுழியாகச் சுழல்கிறது, மேற்கில் பெரும்பாலும் இடஞ்சுழி. இதில் சரியான திசை என்று எதுவும் இல்லை.

ஏழாம் படி: காய்தலும் முதல் சூடும்

வனைந்த பாத்திரம் அடுத்த வாரம் தோல்பதத்தில், அதாவது வடிவம் குலையாத அளவுக்கு இறுகி, ஆனால் செதுக்கக்கூடிய ஈரத்தோடு இருக்க வேண்டும், அப்போதுதான் அடி செதுக்க முடியும். அதற்குப் பாலிதீன் உறையால் தளர்வாக மூட வேண்டும். வகுப்புக்கு நடுவில் ஒருமுறை நீங்கள் வந்து பார்க்க வேண்டியிருக்கும், காற்று வறண்ட நாட்களில் இரண்டு முறை. விளிம்பு அடியைவிட முன்னால் காயும், அதனால் விளிம்பை மட்டும் தனியாகச் சுற்றி வைக்கலாம். குயவனுக்குப் பல நாள் வேலை, தடிகாரனுக்கு ஒரு நொடி வேலை என்று சொல்வதை அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். இன்னும் சுடாத பசுமண் கலத்தை விளிம்பைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு கையாலும் அடியை ஏந்தி எடுக்கப் பழக்குங்கள்.

சூளையில் பாத்திரம் வெடிப்பது காற்றுக்குழியால் என்று ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். வெடிக்க வைப்பது தண்ணீர்தான். 100 டிகிரியைத் தாண்டும்போது சுவருக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் நீராவியாகிப் பல நூறு மடங்கு விரிகிறது. வெளியேற வழி இல்லையென்றால் சுவரைப் பிளந்துகொண்டு போகும். தடித்த சுவரும் மூடிய வெற்றிடமும் ஆபத்தாவது, அவற்றுக்குள் ஈரம் கடைசிவரை தங்குவதால்தான். சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். உள்ளே வெற்றிடமுள்ள உருவங்களுக்கு ஊசித்துளை போடுங்கள். காய்ந்துவிட்டதா என்று அறிய, பாத்திரத்தின் அடியைக் கன்னத்தில் வையுங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

சந்தேகம் இருக்கும் சூளையை 80 முதல் 90 டிகிரியில் சில மணி நேரம், தேவைப்பட்டால் இரவு முழுக்க, நிறுத்தி வையுங்கள். அதற்குப் பிறகும் 600 டிகிரி வரை நிதானமாகவே ஏற்றுங்கள். 450 டிகிரியிலிருந்து மண்ணோடு வேதியியலாகப் பிணைந்த தண்ணீர் வெளியேறுகிறது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரிகிறது, ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. சூளையை அவசரப்பட்டுத் திறந்தால் நல்ல பாத்திரத்திலும் மெல்லிய விரிசல் விழக் காரணம் இதுதான். ஆர்வம் தாங்காது, எனக்கும்தான். ஆனால் 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை மூடியைத் தொடாதீர்கள்.

முதல் சூட்டுக்கு 06 அல்லது 04 எண்ணுள்ள கூம்பு, அதாவது குறித்த சூட்டில் இளகிச் சாயும்படி செய்த சிறிய கூம்பு. அது 1000 முதல் 1060 டிகிரி வாக்கில் சாயும். இந்தச் சூட்டுக் கூம்புகளை 1886-இல் ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் உருவாக்கினார், இன்று பரவலாகப் பயன்படுவது ஆர்ட்டன் கூம்புகள். சூளையின் மின்னணுக் கட்டுப்பாடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கூம்பு வையுங்கள். கருவி அந்த நொடியின் வெப்பத்தை மட்டும் சொல்கிறது. மண் எவ்வளவு நேரம் எவ்வளவு சூடு வாங்கியது என்பதைக் கூம்பு சொல்லும். வகுப்பு முழுவதையும் அழைத்துச் சாய்ந்த கூம்பைக் காட்டுங்கள், மிகவும் ரசிப்பார்கள்.

எட்டாம் படி: வரைதலை மண்ணோடு சேருங்கள்

1919-இல் தொடங்கிய பவுஹாஸின் மண்பாண்டப் பட்டறை டோர்ன்பர்க் என்ற ஊரில் இருந்தது. அங்கே மாணவருக்கு இரண்டு ஆசிரியர்கள். மாக்ஸ் கிரேஹன் என்ற குயவர் தொழிலைக் கற்றுக்கொடுத்தார், கெர்ஹார்ட் மார்க்ஸ் என்ற சிற்பி வடிவத்தைக் கற்றுக்கொடுத்தார். பொதுக் கூடத்தில் நீங்கள் தனி ஒருவராக இரண்டு பேருடைய வேலையையும் செய்கிறீர்கள். கையைப் பழக்குவதிலேயே எல்லா வாரமும் போய்விட்டால், சீரான சுவருள்ள, ஆனால் பார்க்க ஒன்றுமில்லாத பாத்திரங்கள்தான் வரும்.

அதற்குத்தான் அந்த ஆறாவது வாரம். ஒரு கோப்பையை விளக்குக்கு முன்னால் வைத்து, அதன் நிழலை மட்டும் வரையச் சொல்லுங்கள். பிறகு கைப்பிடிக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். கைப்பிடி அழகாக இருப்பதற்கு அந்த வெற்றிடமே காரணம் என்று பென்சில் காட்டிக்கொடுக்கும். காகிதத்தைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்து, கோட்டை விடாமல் வரையும் பயிற்சியும் செய்யுங்கள். எனக்கு வரையவே வராது என்று வகுப்புக்கு ஒருவராவது சொல்வார். இந்தப் பயிற்சியில் எல்லோருடைய கோடும் கோணலாகத்தான் வரும் என்பதால் அவருடைய பயம் போய்விடும்.

தோல்பதத்தில் இருக்கும் கலத்தின் மேல் நிற மண்குழம்பு பூசி, காய்வதற்கு முன் கூரிய முனையால் கீறி அடிமண் தெரிய வைப்பது, வரைபவர்களை மண்ணுக்குள் இழுத்துவர நல்ல வழி. ஓவியம் கற்பிக்கும் நண்பர் கூடத்தில் இருந்தால் இந்தப் பாடத்தை அவரோடு சேர்ந்து நடத்துங்கள். தோல்பதத்தில் செய்யும் வேலை என்பதால் இதற்கான கலங்களை நாலாவது, ஐந்தாவது வாரத்திலேயே ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: கிளேஸ்

வேதியியலை இரண்டு நிமிடத்தில் சொல்லலாம். கிளேஸ் என்பது பாத்திரத்தின் மேல் உருகி ஒட்டும் கண்ணாடி. சிலிக்கா கண்ணாடியாகிறது. ஆனால் அது தனியாக உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் சோடியம், கால்சியம், போரான் போன்றவை உருகுநிலையைக் கீழே இறக்குகின்றன. அலுமினா அது வழிந்து ஓடாமல் பிடித்து வைக்கிறது. நிறத்துக்கு இரும்பு, செம்பு, கோபால்ட். ஒரே செம்பு, காற்று நிறைந்த மின்சூளையில் பச்சையாகவும் காற்றைக் குறைத்து எரிக்கும் சூளையில் சிவப்பாகவும் வரலாம். வாளியில் தெரியும் நிறம் பாத்திரத்தில் வராது என்பதற்கு ஆறாவது வாரச் சோதனைத் துண்டுகளைக் காட்டுங்கள்.

செய்முறையில் பழக்க வேண்டியவை: முதல் சூடு முடிந்த பாத்திரத்தை ஈரப் பஞ்சால் துடைத்துத் தூசி எடுப்பது, அடியில் மெழுகு பூசுவது, வாளியை அடிவரை நன்றாகக் கலக்குவது, மூன்று நொடி முக்குவது. அடியிலிருந்து அரை சென்டிமீட்டராவது சுவரை வெறுமையாக விட வேண்டும். இரண்டு கிளேஸ் ஒன்றின்மேல் ஒன்று படும் இடத்தில் வழியும் ஆபத்து கூடும், அங்கே ஒரு சென்டிமீட்டர் விடட்டும். புதிய கலவையை முயல்பவர்களுடைய பாத்திரத்தின் கீழ் ஒரு மண் தட்டு வையுங்கள், வழிந்தால் தட்டோடு போகும்.

சாப்பிடவும் குடிக்கவும் பயன்படும் பாத்திரங்களுக்கு உள்ளே நம்பகமான, ஈயமில்லாத, முழுக்க உருகிக் கண்ணாடியாகும் கிளேஸ் மட்டும். கிளேஸின் மேல் எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு வைத்து, காலையில் நிறம் மங்கியிருந்தால் அது உணவுக்கு ஆகாது. மங்காவிட்டாலும் அது முழு உத்தரவாதம் ஆகாது, உலோகம் கசிகிறதா என்று உறுதியாகச் சொல்ல ஆய்வகச் சோதனைதான் வேண்டும். வகுப்பில் நான் இதற்காகவே உணவுக்கு என்று இரண்டு வாளிகளைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

இறுதிச் சூளையை அடுக்கும்போது இரண்டு மாணவர்களையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். முதல் சூட்டில் கலங்கள் ஒன்றையொன்று தொடலாம், ஒன்றுக்குள் ஒன்றும் வைக்கலாம். இறுதிச் சூட்டில் ஒரு விரல் இடைவெளி வேண்டும், தொட்டால் ஒட்டிக்கொள்ளும். ஸ்டோன்வேருக்கு 6-ஆம் எண் கூம்பு என்றால் 1220 டிகிரி வாக்கில் சாயும்.

பேசும் விதம்

இதற்குத் தனியாக ஒரு வாரம் கிடையாது, எல்லா வாரமும் நடப்பது. நன்றாக இருக்கிறது என்ற சொல்லை நான் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டேன். அதில் மாணவர் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. "உங்கள் விளிம்பு போன வாரத்தைவிட வட்டமாக வந்திருக்கிறது, கையை எடுக்கும்போது நிதானமாக எடுத்தீர்கள்" என்று சொன்னால், அடுத்த வாரம் அதையே திரும்பச் செய்வார். ஒரு வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன், இதில் உங்களுக்கு எந்த இடம் பிடித்திருக்கிறது என்று செய்தவரிடமே கேளுங்கள்.

உங்கள் வடிவங்களை மாணவர்கள் நகலெடுப்பார்கள். எடுக்கட்டும், கை அப்படித்தான் கற்கிறது. மூன்றாவது பயிற்சிக்குத் திரும்பி வருபவரிடம் மட்டும், இந்த முறை என்னுடையது போல இல்லாத ஒன்றைச் செய்யுங்கள் என்று கேளுங்கள்.

உடைந்தால் உடனே ஆறுதல் சொல்லாமல், துண்டுகளைச் சேர்த்து வைத்து எங்கே முதலில் பிளந்தது என்று அவரோடு சேர்ந்து பாருங்கள். வருத்தம் அப்படியே இருக்கும், ஆனால் அதோடு ஒரு விடையும் கையில் கிடைக்கும்.

உங்களுக்காக

வகுப்பு நேரத்துக்கு மட்டும் ஊதியம் பேசிவிடாதீர்கள். உறை மூடிப் பார்க்க வருவது, சூளை அடுக்குவது, கிளேஸ் கலக்குவது, மண் மீட்பது எல்லாம் சேர்த்தால் இரண்டரை மணி நேர வகுப்புக்குப் பின்னால் ஏறக்குறைய அதே அளவு வேலை ஒளிந்திருக்கிறது. அதை எழுதிக் காட்டிக் கேளுங்கள். உங்கள் சொந்த வேலைக்குச் சூளையில் ஓர் அடுக்காவது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். சொந்தமாகச் செய்வதை நிறுத்திவிட்ட ஆசிரியரின் கையில் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. ஓராண்டு நான் அப்படி இருந்தேன். வகுப்பில் பழைய வாக்கியங்களையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது.

எட்டாவது வாரம்

சூளையை நீங்கள் தனியாக இறக்கிவிடாதீர்கள், மாணவர்கள் வரும்வரை காத்திருங்கள். அவரவர் பாத்திரத்தை அவரவர் எடுக்கட்டும். அடியில் கூரான கிளேஸ் துளி இருந்தால் தேய்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் காட்டுங்கள், கண்ணாடியைப் போலக் கையைக் கிழிக்கும். முதல் நாள் கீறிய 10 சென்டிமீட்டர் பட்டைகளையும் அளந்து பாருங்கள்.

எடுக்காமல் விடப்படும் பாத்திரங்களை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்பதை முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும். நான் ஒரு மாதம் என்று வைத்திருக்கிறேன்.

மிச்ச மண்ணை அன்றே வாளியில் போட வேண்டாம். முதலில் முழுக்கக் காயட்டும். நன்றாகக் காய்ந்த மண் தண்ணீர் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்து கரையும், அரை ஈரத்தில் இருக்கும் மண் நாள்கணக்கில் கட்டியாகவே கிடக்கும். காய்ந்ததும் உடைக்காமல் அப்படியே தண்ணீரில் போட்டு இரண்டு நாள் விட்டு, மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டு, குழம்பைப் பிளாஸ்டர் பலகையில் பரப்புங்கள். அடுத்த பயிற்சியின் முதல் வகுப்புக்கு 300 கிராம் உருண்டைகள் அதிலிருந்தே கிடைக்கும்.